செவ்வாடைச் சிறுவனும் அறுபட்ட நூலும்



பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டாரத்தில் வாழும் நண்பர் ஒருவரின் கூடத்தில் பல்லாண்டுகளாக ஒரு படம் தொங்குகிறது. செந்நிற உடையணிந்த சிறுவன் ஒருவன், இரு கைகளாலும் ஒரு நூலைப் பிடித்தவாறு நம்மை நோக்கி நிற்கிறான். படம் அவனது முழங்கால் அளவில் முடிந்துவிடுவதால், நூலின் மறுமுனை தெரிவதில்லை. அங்கே பொம்மை வண்டி இருக்கும் என்பார் சிலர். பம்பரம் என்பார் வேறு சிலர்.

மறுமுனையில் இருப்பது உயிருள்ள ஒரு பறவை. ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா தீட்டிய இவ்வோவியத்தின் காலம் 1787–88 என்று கருதப்படுகிறது. சிறுவனின் பெயர் மனுவெல் ஓசோரியோ. அல்தமிரா பிரபுவின் மகன். 1784ஆம் ஆண்டு ஏப்ரலில் பிறந்தவன் என்ற குறிப்பு ஓவியத்தின் அடியிலேயே எழுதப்பட்டுள்ளது. காலில் நூல் கட்டிய அப்பறவை, நம் வால்காக்கைக்கு உறவான மேக்பை. அதன் அலகில் ஓர் அட்டை. அதில் ஓவியரின் பெயர். வலப்புறம் சிறு பறவைகள் அடைத்த கூண்டு. இடப்புறம் மூன்று பூனைகள் பறவையை இமை கொட்டாது நோக்குகின்றன. அவற்றுள் ஒன்று இருளோடு இருளாகப் பதுங்கியுள்ளது.

இப்பூனைகளிலேதான் ஓவியத்தின் உட்பொருள் அடங்கியிருக்கிறது. குழந்தைப் பருவத்தின் களங்கமின்மையை ஆபத்து எத்தனை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கோயா காட்டுகிறார் என்பர் ஆய்வாளர். அச்சிறுவன் 1792இல், தன் எட்டாம் வயதில் இறந்தான். கோயாவுக்குப் பிறந்த மக்கள் பலருள் வளர்ந்து ஆளானவர் ஹாவியர் ஒருவரே. அவரும் 1784இல் பிறந்தவர். இதையறிந்த பின் அப்படத்தை வெறும் அழகுப் பதுமையாகக் காண நம்மால் இயலுமா? ஆயினும், கடைக்காரர் சட்டத்தின் அளவுக்காகப் படத்தைக் கத்தரித்தபோது, பறவையும் பூனையும் கூண்டும் பெயரும் ஒருசேரப் போயின.

மூலம் 1949 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர்க்கு நகலே கதி. நகல் நமக்குப் புதியதன்று. பெரிய ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பலாம் என்று ராஜா ரவிவர்மாவுக்கு யோசனை கூறியவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய மாதவராவ். 1894இல் மும்பையில் ரவிவர்மா அச்சகம் தோன்றியது. ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு கல்லாகப் பல கற்களில் படத்தை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் பதித்தனர். அரண்மனைச் சுவர்களில் இருந்த கலை அவ்வாறு எளியோர் கூடத்திற்கும் வந்தது. இன்றோ நான்கு நிற மைகளின் நுண்புள்ளிகளால் படம் உருவாகிறது; உருப்பெருக்கிக் கண்ணாடியில் அப்புள்ளிகளைக் காணலாம்.

மொழிபெயர்ப்பே என் தொழில். ஆகவே நகலை இகழ எனக்கு மனம் வருவதில்லை. மொழிபெயர்ப்பில் ஓசை சிறிது குறையலாம். நகலில் வண்ணம் சிறிது மங்கலாம். அவை பொறுக்கத்தக்கவை. ஆனால் ஒரு பகுதியை நீக்கிவிட்டு, அதை முழுமை என்று கொடுப்பது வாசகனுக்குச் செய்யும் வஞ்சனையாகும்.

அவ்வாறு ஏமாறாதிருக்க எளிய வழியொன்று உண்டு. மூலத்தின் உயரம் 127 சென்டிமீட்டர், அகலம் 101.6. அஃதாவது, ஐந்துக்கு நான்கு என்ற விகிதம். 50 சென்டிமீட்டர் உயரமுள்ள நகல் 40 சென்டிமீட்டர் அகலம் இருத்தல் வேண்டும். வேறுபட்டால், படம் வெட்டப்பட்டதோ இழுக்கப்பட்டதோ என்று ஐயுறலாம். எந்த ஓவியத்தை வாங்கினும் அதன் மூல அளவை முதலில் கேட்டறிக. மேற்கூறிய கலைக்கூடம் உரிமைக்காலம் கடந்த தன் ஓவியங்களின் படங்களை 2017 முதல் எவரும் இணையத்தில் இலவசமாக எடுத்துப் பயன்படுத்த அனுமதித்துள்ளது. அத்தகைய படத்தை எடுத்து, நகரத்து அச்சகத்தில் பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிட்டால் நெடுநாள் நிற்கும்.

மூணாறு, தேவிகுளம் போன்ற இடுக்கி மலையூர்களில் வாழ்வோர் இன்னொன்றும் கருதவேண்டும். அங்கே மழைக்காலத்து ஈரம் படத்தின் பகை. கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி நடுவே அட்டை விளிம்பு வைத்து, சட்டத்தின் பின்னே நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டுகளைப் பொருத்துக. சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோடினால் பூஞ்சணம் எளிதில் பற்றாது. வெயில் நேரே படும் சுவரையும் தவிர்க்க.

சென்ற ஆண்டு நண்பர் முழு நகலொன்றை வருவித்து மாட்டினார். அவருடைய ஐந்து வயதுப் பேத்தி நெடுநேரம் அதன்முன் நின்றாள். பிறகு, "தாத்தா, அந்தப் பூனை பறவையைப் பிடித்துவிடுமா?" என்று கேட்டாள். பழைய படம் அவ்வீட்டில் எவரையும் இப்படிக் கேட்க வைத்ததில்லை. நண்பருக்கு விடை கூற இயலவில்லை. அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.