பத்திரிகைச் சொற்களின் வேரும் வழக்கும்

ஆங்கிலப் பத்திரிகைகளிலே அடிக்கடி தலைகாட்டும் சில சொற்கள் படிப்போரை மருட்டுவன. அவற்றின் வேரை அறியின் மருட்சி நீங்கும். வேரே பொருளென்று கொள்ளினோ பிழை நேரும். இவ்வுண்மையை நம் தீவக வாழ்வோடு தொடர்புடைய சில சொற்களைக் கொண்டு விளக்குவாம்.

முதலாவது 'கேர்பியூ'. 'நெருப்பை மூடு' என்பதே பழைய பிரெஞ்சு மொழியில் இதன் பொருள். மர வீடுகள் நெருங்கிய இடைக்கால ஐரோப்பிய நகரங்களில் இரவில் மணி ஒலிக்கும். மக்கள் அடுப்பு நெருப்பை மூடி அடங்குவர். தீயைத் தடுக்க எழுந்த அப்பெயர், பின்னர் மக்கள் நடமாட்டத்தைத் தடுக்கும் ஆணைக்கு உரியதாயிற்று. தமிழர் வேரைப் பெயர்க்காது, வழக்கை நோக்கி 'ஊரடங்கு' என்றது சாலப் பொருத்தம். 2020 மார்ச் 20ஆம் நாள் இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, நாட்கூலியை நம்பிய வீடுகளில் அடுப்பு அணையும் நிலை எய்தியது. பழம்பொருள் வேறொரு வழியால் மெய்யாயிற்றுப் போலும்!

அடுத்தது 'ஹைபிரிட்'. இலத்தீனில் இது வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது. பின்னர் இருவகை கலந்த எதற்கும் பெயராயிற்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் வழங்க, இந்திய நன்கொடையுடன் 2024இல் ஒப்பந்தமான திட்டத்தையும் இச்சொல்லாலேயே வழங்குகின்றனர். அங்கே பன்றியைத் தேடுவார் யார்?

நம் ஊர்ப்பெயர்களும் இவ்வாறு கடல் கடந்து வந்தனவே. ஊர்காவற்றுறைக்கு வழங்கும் 'கேய்ட்ஸ்', கப்பல் அணையும் துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் தம் நகராகிய 'டெல்ப்ற்' என்பதன் பெயரைச் சூட்டினர். அதன் வேர்ப்பொருள் தோண்டிய கால்வாய். பவளக்கல் வேலிகள் நிறைந்த தீவுக்கு வாய்த்த பெயர் இது!

நம் சொல்லும் அவர்பாற் சென்றது. மரங்களைப் பிணைத்தது நமது கட்டுமரம். ஆங்கிலப் பத்திரிகையில் வரும் 'கற்றமரான்' பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட படகு.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. 'ட்ரோல்' என்பதற்கு வலையை இழுத்து மீன்பிடித்தல் என்பது பொருள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் கடலில் அடிமட்ட 'ட்ரோல்' முறையைத் தடைசெய்தது. சொற்பொருள் மட்டும் அறிந்தவன், 'கரைவலையும் இழுப்பதுதானே, அதுவும் குற்றமோ?' என மயங்குவான். சட்டம் சுட்டுவதோ, இயந்திரப் படகின் விசையாற் கடலடியை வாரி, மீன்குஞ்சுகளையும் அவை வளரும் இடத்தையும் அழிக்கும் வலையை. இம்மயக்கத்தைத் தீர்க்க வல்லவர் ஊரில் இல்லையெனின், கடற்றொழிலாளர் தம் உரிமையை எடுத்துரைப்பது எங்ஙனம்?

ஆதலின், கல்லூரியில் இன்று பயிலும் இளைஞர்காள்! புதுச்சொல் ஒன்றைக் கண்டால் அகராதியில் அதன் பிறப்பை நோக்குக. பின்னர் அஃது இன்று எப்பொருளில் வழங்குகின்றதென ஆராய்க. இரண்டையும் அறிந்து அயலாருக்கு நல்ல தமிழில் எடுத்துரைப்பதே கற்றதனாலாய பயனாகும்.