பிரேக் ஆயிலின் வயது

காரின் பிரேக் பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே விசையைக் கடத்தும் திரவத்தைத் தமிழ்நாட்டின் மெக்கானிக் கடைகள் பிரேக் ஆயில் என்றே அழைக்கின்றன. ஆனால் இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது எண்ணெயே அன்று, கிளைக்கால் ஈதர் எனப்படும் வேதிப்பொருள் வகையை அடிப்படையாகக் கொண்ட ஒரு திரவம். இந்தப் பெயர்க் குழப்பத்தைச் சொற்பிழை என்று தள்ளிவிட முடியாது. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பது எல்லோரும் அறிந்ததாகையால், ஆயில் என்ற பெயரைக் கேட்பவர், மூடியிட்ட கிண்ணத்துக்குள் கிடக்கும் அந்தப் பொருள் வண்டி ஓடினால்தான் கெடும் என்றும், ஓடாத வண்டியில் அப்படியே இருக்கும் என்றும் எண்ணிவிடுகிறார். பிரேக் திரவமோ காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. கார் கொட்டகையில் நின்றாலும் சாலையில் ஓடினாலும் அதற்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் முதன்மை உருளைக்குள் உள்ள பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் வகுத்த விதிப்படி, அந்த அழுத்தம் மெல்லிய குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, காலிபர் என்னும் கவ்விக்குள் இருக்கும் பிஸ்டனை நகர்த்தி, பிரேக் பேடைச் சுழலும் தட்டின்மீது அழுத்துகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்ற ஒரே பண்பை நம்பித்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. ஆவியை எளிதாகச் சுருக்கிவிடலாம் என்பதால், குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் தோன்றிவிட்டால் ஓட்டுநரின் காலிலிருந்து புறப்பட்ட விசை அவற்றைச் சுருக்குவதிலேயே செலவாகி, பெடல் தரையைத் தொட்ட பிறகும் வண்டி நிற்காமல் போகிறது. ஆவி அடைப்பு என்று சொல்லத்தக்க இந்த நிலையை உண்டாக்குவது வெப்பம். அதற்குத் துணைபோவது திரவத்தில் சேர்ந்த நீர்.

துணைபோகும் அளவு எவ்வளவு என்பதை அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தர வரையறை தெளிவாகவே காட்டுகிறது. புட்டிகளின்மீது காணப்படும் டாட் 3, டாட் 4 என்ற குறிகள் அந்தத் துறையின் பெயர்ச் சுருக்கத்திலிருந்து வந்தவை. ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கொதிநிலைகள் குறிக்கப்படுகின்றன: ஒன்று புதிய திரவத்துக்கு உரியது, மற்றொன்று ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த திரவத்துக்கு உரியது. டாட் 3 திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகையில் 230 டிகிரி 155 ஆகிறது, டாட் 5.1 வகையில் 260 டிகிரி 180 ஆகிறது. நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத நீர் 65 முதல் 80 டிகிரி வரையிலான பாதுகாப்பைத் தின்றுவிடுகிறது என்பதே இதன் பொருள். அந்த நீர், திரவக் கிண்ணத்தின் மூடியில் காற்று புக வைத்திருக்கும் நுண்துளை வழியாகவும், சக்கரங்களருகே உள்ள ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் நாள்தோறும் சிறிது சிறிதாக உள்ளே வருகிறது.

நகரத்துச் சாலையில் இந்தக் குறை தெரியவே தெரியாது. சிக்னலுக்குச் சிக்னல் நிறுத்தி எடுக்கும் வண்டியில் திரவம் அந்த வெப்பத்தை எட்டுவது அரிது; ஐந்து வருடத் திரவம் உள்ள காரும் ஐந்து நாள் திரவம் உள்ள காரும் ஒன்றுபோலவே நிற்கும். வேறுபாடு வெளிப்படும் இடம் மலையிறக்கம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ, உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 வளைவுகளைக் கொண்ட கல்லட்டிச் சாலையிலோ, ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாக இறங்கும் கார், கீழ்க் கியரில் என்ஜினின் பிடிப்பைப் பயன்படுத்தாமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், இழக்கும் உயரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் வெப்பமாக மாறுகிறது. தட்டின் வெப்பம் பேடுக்கும், பேடிலிருந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து அதன் முதுகில் தேங்கியிருக்கும் திரவத்துக்கும் ஏறுகிறது.

இதில் ஓட்டுநர்கள் பலரும் அறியாத ஒன்று உண்டு. வண்டி ஓடும்வரை எதிர்க்காற்று சக்கரங்களை ஓரளவு குளிர்விக்கிறது. பாதி மலையில் தேநீருக்காக நிறுத்தியதும் அந்தக் காற்று நின்றுவிட, தட்டில் தேங்கிய வெப்பம் போக்கிடம் இல்லாமல் காலிபருக்குள் ஏற, திரவத்தின் வெப்பம் நிறுத்தியபின்னும் சில நிமிடங்கள் கூடிக்கொண்டே போகிறது. எனவே வளைவுகளில் ஒழுங்காகப் பிடித்த பிரேக், தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிய முதல் திருப்பத்தில் கைவிட்டுவிட முடியும். பேட் சூடேறி உராய்வை இழப்பது வேறு கோளாறு; அப்போது பெடல் கெட்டியாக இருக்கும், வண்டிதான் நிற்காது. ஆவி அடைப்பிலோ பெடலே பஞ்சுபோல் அமுங்கி உள்ளே போய்விடும். அந்த நேரத்தில் பெடலை விட்டுவிட்டுப் பலமுறை வேகமாக மிதிப்பதும், கியரைப் படிப்படியாகக் குறைப்பதும், ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுப்பதும் உதவக்கூடும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் கம்பிவடத்தால் இயங்குவதால் திரவத்தின் கேடு அதை எட்டுவதில்லை.

ஆவி அடைப்பின் பொல்லாத குணம், அது தன் தடயத்தைத் தானே அழித்துவிடுவது. அரைமணி நேரம் ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகி, பெடல் பழைய கெட்டியைப் பெற்றுவிடுகிறது. விபத்துக்குப்பின் வண்டியைச் சோதிப்பவர் மிதித்துப் பார்த்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும். பிரேக் பிடிக்கவில்லை என்ற ஓட்டுநரின் சொல் அப்போது பொய்போல் தோன்றும். குழாயில் மிஞ்சியிருக்கும் திரவத்தின் நீர் அளவைச் சோதித்தால் மட்டுமே அந்தச் சொல்லுக்குத் துணை கிடைக்கும்.

நீரின் மற்றொரு கேடு மெதுவானது. திரவத்தில் கலந்திருக்கும் துருத்தடுப்புப் பொருள்கள் வருடங்கள் போகப்போகத் தீர்ந்துபோக, மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவரிலும் காலிபர் பிஸ்டனிலும் அரிப்பு தொடங்குகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் நுண்ணிய வால்வுகளும் இதே திரவத்தில்தான் நனைந்திருக்கின்றன. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து பயணிகள் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதால், சில நூறு ரூபாய்த் திரவத்தை மிச்சப்படுத்தியவர் பல ஆயிரம் ரூபாய் ஏபிஎஸ் பகுதியை மாற்ற நேரும் வாய்ப்பு இப்போது எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டது.

எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு வண்டியுடன் தரப்படும் கையேடே முதல் சான்று. பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் இரண்டு ஆண்டுகள் என்றோ, இரண்டு ஆண்டுகள் அல்லது 40,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அது என்றோ வகுத்திருக்கின்றன. குறைவாக ஓடும் காருக்கு நாட்கணக்கே முந்தும் என்பதால், வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓடும் ஓய்வூதியர் வீட்டுக் காருக்கும் இரண்டு ஆண்டுக் கெடு பொருந்தும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற ஈரக்காற்றுக் கடலோர ஊர்களில் அந்தக் கெடுவைத் தள்ளிப்போடாதிருப்பதே அறிவுடைமை. திரவத்தின் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது பொருந்தாது; தேநீர் நிறமாகக் கறுத்த திரவம் பழையது என்பது உண்மையானாலும், நீருக்கு நிறமில்லை ஆதலால் வெளிறிய திரவம் நல்லது என்று ஆகிவிடாது. பழைய கார் வாங்குபவர், முந்தைய பில்லில் மாற்றிய தேதி தெளிவாக இல்லையென்றால், வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுவது நல்லது.

இங்கே பரவலாக உள்ள ஒரு பழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியாது: அளவு குறைந்தால் டாப் அப் செய்துவிடுவது. கிண்ணத்தில் திரவம் குறைவதற்கு இரண்டே காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே நகர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் எங்கோ கசிவு இருக்க வேண்டும். மேலே ஊற்றி நிரப்புவது இரண்டையும் மறைத்துவிடுகிறது. பிறகு புதிய பேட் போடும்போது பிஸ்டன் உள்ளே தள்ளப்பட, கிண்ணம் நிரம்பி வழிந்து, வழிந்த இடத்தில் பெயிண்ட் உரிந்துபோகிறது. அந்தத் திரவம் பெயிண்டைக் கரைப்பது என்பதால் சிந்திய உடனே நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். டாஷ்போர்டில் ஹேண்ட் பிரேக்குக்கு எரியும் சிவப்பு விளக்கே பல கார்களில் திரவக் குறைவுக்கும் எரிகிறது. ஹேண்ட் பிரேக்கை இறக்கியபின்னும் அது எரிந்தால் முதலில் பேடையும் கசிவையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

முறையான மாற்றம் என்பது கிண்ணத்தை உறிஞ்சிப் புதிதை ஊற்றுவதோடு முடிவதில்லை. ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் சக்கரத்தருகே உள்ள நிப்பிளைத் திறந்து, கண்ணாடிபோன்ற குழாய் வழியே பழைய திரவம் புட்டிக்குள் வடிவதைப் பார்த்து, புதிய வெளிர்நிறத் திரவம் வரும்வரை நான்கு சக்கரங்களிலும் இதைச் செய்ய வேண்டும். பிளீடிங் எனப்படும் இந்த வேலைக்குச் சிறிய காரானாலும் அரை லிட்டருக்குக் குறையாமல், பெரும்பாலும் ஒரு லிட்டர் வரை தேவைப்படும். எனவே பிரேக் ஆயில் மாற்றம் என்று எழுதி 100 மில்லிக்கு விலை போட்டிருக்கும் பில், நடந்தது டாப் அப் என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறது. மூடி முத்திரை உடையாத புட்டியைத் தம் கண்முன் திறக்கச் சொல்வதும், பழைய திரவத்தைக் காட்டச் சொல்வதும் வாடிக்கையாளருக்கு உரியவை. வகையைப் பொறுத்தவரை கிண்ணத்தின் மூடியில் பொறித்திருப்பதே முடிவு. டாட் 3 குறித்த வண்டியில் டாட் 4 ஊற்றலாம், டாட் 4 குறித்ததில் டாட் 3 கூடாது. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, எண்ணில் அடுத்ததான 5.1 மீண்டும் கிளைக்கால் வகை. இப்படி எண்ணிட்டவர்கள் வாங்குபவரைப் பற்றி நினைக்கவில்லை போலும். சிலிக்கோனை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. என்ஜின் ஆயில் தவறி ஊற்றப்பட்டால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

சட்டத்தின் பார்வையில் இந்தப் பராமரிப்பு வண்டிக்காரரின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றாக இல்லை. சாதாரணக் கவனத்தால் கண்டறிந்திருக்கக்கூடிய, பிறருக்கு ஆபத்தான குறையுள்ள வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டுபவருக்கோ ஓட்ட விடுபவருக்கோ 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, 2019இல் திருத்தப்பட்டபடி, 1,500 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அந்தக் குறையால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ உண்டானால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் உண்டு. பிரேக் பழுதாகிவிட்டது என்ற வாதம் இழப்பீட்டு வழக்கில் தானாகக் காப்பாற்றாது. மினு பி. மேத்தா வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம், இயந்திரக் கோளாற்றைக் காரணம் காட்டும் வாகன உரிமையாளர் தாம் வேண்டிய கவனம் அனைத்தும் எடுத்தும் அந்தக் குறை மறைந்தே இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும் என வகுத்தது. கெடு தாண்டி இரண்டு ஆண்டுகள் ஆன திரவத்தை மறைந்திருந்த குறை என்று வாதிடுவது கடினம். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது வழக்கமான காப்பீட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுள் ஒன்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தேதியிட்ட ஒரு சர்வீஸ் பில்லின் மதிப்பு விளங்கும்.

செய்யாத வேலைக்குப் பணம் வாங்கிய பணிமனைமீது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுப் புகார் தரலாம். பில் தர மறுப்பதையும் அச்சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகவே கொள்கிறது. முதலில் பணிமனைக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதுவும் பலிக்காதபோது மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வந்தாக வேண்டும். சோதித்தால் அன்றித் தீர்மானிக்க முடியாத குறையென்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இந்தப் பொருளோ புட்டியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தன் சான்றைத் தானே மாற்றிக்கொள்ளும். ஆகவே ஜாப் கார்டு, பில், கிண்ணத்தின் புகைப்படம் ஆகியவற்றோடு, வேறொரு பணிமனையில் எழுத்துமூலம் பெற்ற ஆய்வுக் குறிப்பையும், அங்கு வடித்த திரவத்தை நிரம்ப ஊற்றி இறுக மூடி, தேதி எழுதி, இருவர் கையொப்பமிட்ட உலர்ந்த கண்ணாடிப் புட்டியையும் வைத்துக்கொள்ள வேண்டும்.