வளவு கைமாறும் முன் வாய் திறப்போம்

2024ஆம் ஆண்டு ஒரு காலைப்பொழுது. படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஓர் அக்கா எமது காரியாலய வாசலில் காத்திருந்தார். கையில் ஒரு சொப்பின் பை. அதற்குள் கணவரின் மரணச் சான்றிதழ், மூன்று கடன் அட்டைகள், காணி உறுதியின் போட்டோப் பிரதி ஒன்று. மூல உறுதி அவரிடம் இல்லை.

"தங்கச்சி, 2007இல ஷெல்லடிக்குள்ள ஓடக்குள்ளயும் உறுதிய மடியில கட்டிக்கொண்டுதான் ஓடினன். இப்ப வட்டிக்குத் தந்தவர்ட கையில குடுத்திட்டு நிக்கிறன். அந்த வளவு அம்மா எனக்குத் தந்தது. மறுகா நான் என்ட மகளுக்குக் குடுக்கணும்" என்றார்.

மட்டக்களப்புப் பெண்களுக்கு இதன் பொருள் விளங்கும். எமது சமூகத்தில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போவது வழமை. யுத்தத்தில் துணையை இழந்த பெண்ணுக்கு அந்த வளவே காவல். அது கைமாறினால் இரண்டு தலைமுறைப் பெண்கள் தெருவுக்கு வருவார்கள்.

கடன் எப்படி வந்தது?

அந்த அக்காவின் பழைய வீடு யுத்தத்தில் அழிந்தது. பின்னர் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. பணம் தீர்ந்தபோது கூரை முடியவில்லை. குழுக்கடன் எடுத்தார். கிழமைத் தவணையைக் கட்ட இன்னொரு கொம்பனியில் கடன் எடுத்தார். வாவி மீனும் இறாலும் வாங்கி விற்று ஒருவாறு சமாளித்தார். 2022இல் நாட்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. வியாபாரம் படுத்தது. அதன்பின் பழைய கடன்களை அடைக்க, வளவை வைத்து ஒரு தனிநபரிடம் 2 இலட்சம் ரூபா வாங்கினார்.

மாத வட்டி நூற்றுக்கு 5. அதாவது மாதம் 10 ஆயிரம். 14 மாதங்களில் 1 இலட்சத்து 40 ஆயிரம் கட்டியும் முதல் அப்படியே இருந்தது. நூற்றுக்கு 5 என்பது சின்ன வட்டியாகத் தெரியும். ஆனால் வருடத்துக்கு அது 60 வீதம். 2018ஆம் ஆண்டு அரசாங்கம் நுண்கடனுக்கு விதித்த உச்ச வட்டியே வருடத்துக்கு 35 வீதம்தான்.

இது ஒரு பெண்ணின் பிழையாக மட்டும் இருந்திருந்தால் அரசாங்கம் தலையிட்டிருக்காது. அதே 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, தவணை தவறிய, 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முடிவெடுத்தது. 2021 மார்ச் 8ஆம் திகதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கினர். மொழி வேறு, கடன் அட்டை ஒன்று.

எதில் கையெழுத்திட்டோம்?

உதவி தேடுவதற்கு முன் இதை அறிய வேண்டும். காணியை வைத்துக் கடன் வாங்கும்போது நொத்தாரிசு எழுதுவது மூன்று வகையாக இருக்கலாம்.

ஈட்டு உறுதி: காணி உங்களுடையதே. கடனுக்குப் பிணையாக மட்டும் நிற்கிறது.

நிபந்தனை உறுதி: காணி கடன் கொடுத்தவர் பெயருக்குப் போகிறது. குறித்த காலத்துக்குள் பணத்தைக் கட்டினால் திரும்ப எழுதித் தர வேண்டும். காலம் தவறினால் காணி போய்விடும்.

அறுதி உறுதி: இது விற்பனை. "சும்மா ஒரு நம்பிக்கைக்கு எழுதுவம்" என்று சொல்லி எழுதிக் கொள்வார்கள். தயவுசெய்து இதில் கையெழுத்திடாதீர்கள்.

எதில் கையெழுத்திட்டோம் என்று தெரியாவிட்டால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்துப் பார்க்கலாம். உங்களுடையது அரசாங்கப் பேர்மிட் காணி என்றால் முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். அதை நினைத்தபடி தனியாருக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

எங்கே போகலாம்?

தனியாரிடம் ஈடு வைத்தவர்களுக்கும் நிபந்தனை உறுதி எழுதியவர்களுக்கும் கடன் இணக்கச் சபை இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் இச்சபை நீதி அமைச்சின் கீழ் உள்ளது. இரு பக்கத்தையும் அழைத்து, கணக்கைப் பார்த்து, தவணை முறையில் கட்ட இணக்கம் காண முயலும். நிபந்தனை உறுதியாயின் மீட்கும் காலம் முடிவதற்கு முன்பே, நாட்கள் கையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பிந்தினால் சபையால் ஒன்றும் செய்ய முடியாது.

வங்கியில் வீட்டுக் கடன் எடுத்தவர்கள் தவணை தவறுவதற்கு முன்பே முகாமையாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். வருமானம் ஏன் குறைந்தது, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதி, தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிக்கு 1990ஆம் ஆண்டின் சட்டம் அதிகாரம் தருகிறது. ஆனால் முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களுக்கு இந்த அதிகாரம் இல்லை என 2011இல் திருத்தம் வந்தது. ஏலப் பயமுறுத்தலுக்கு நடுங்கி மீற்றர் வட்டிக்கு ஓடாதீர்கள். வங்கியோ நிதிக் கம்பனியோ முறைகேடாக நடந்தால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

அறுதி எழுதிக் கொடுத்தவர்களும் மனம் விட வேண்டாம். வீட்டில் தொடர்ந்து இருந்தது, வட்டி கட்டியது, காணியின் பெறுமதியை விட மிகக் குறைந்த பணம் கைமாறியது என்பவற்றைக் காட்டி, அது விற்பனையல்ல என்று நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் கீழ் வழக்காடலாம். அது நீண்ட வழி. வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தை நாடலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போங்கள். கட்டும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள். தராவிட்டால் திகதியும் தொகையும் கொப்பியில் எழுதி, பார்த்தவர் ஒருவரிடம் கையொப்பம் வாங்குங்கள்.

அந்த அக்கா எழுதியது நிபந்தனை உறுதி. மீட்கும் காலத்தில் இன்னும் நான்கு மாதம் இருந்தது. அவரிடம் பற்றுச்சீட்டு எதுவும் இல்லை. ஆனால் மகளின் பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 14 திகதிகள் இருந்தன. அந்தப் பக்கத்தையும் இணைத்து விண்ணப்பித்தோம். சபையின் கடிதம் போனதும் கடன் கொடுத்தவர் பேச வந்தார். கட்டிய வட்டியில் ஒரு பகுதியை முதலில் கழித்து, மிகுதியைத் தவணையாகக் கட்ட இணக்கமானது. கடன் இன்னும் முடியவில்லை. வளவு இருக்கிறது.

அதே மாதம் இன்னொரு சகோதரியும் வந்தார். அவர் காலம் முடிந்து இரண்டு கிழமை கழித்து வந்தார். "வெட்கத்தில ஒருத்தருக்கும் சொல்லல்ல மிஸ்" என்றார். அவருக்காக இன்று வழக்கறிஞரின் வாசலில் நிற்கிறோம்.

கடன் பாரத்தில் வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள். பக்கத்து வீட்டுச் சகோதரி சில நாளாகக் கதவைத் திறக்கவில்லையா? போய்த் தட்டுங்கள். உறுதியில் உள்ள திகதியைக் கேளுங்கள். அவரோடு நீங்களும் பஸ் ஏறுங்கள்.