ஊறுகாய் விலை ஏறினால் பழைய பில் மாறலாமா?



கோடையில் எலுமிச்சை விலை எப்படி ஏறும் என்று, புளியங்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அப்படி ஏறின சமயத்தில் நம் பகுதிக் குழு ஒன்று கால் கிலோ ஊறுகாய் பாட்டிலை 60 ரூபாயிலிருந்து 75 ஆக்கியது. கணினிப் பட்டியலிலும் விலையை மாற்றினார்கள். மாதக் கடைசியில் பார்த்தால், ஏற்கெனவே 60 ரூபாய்க்கு விற்ற 40 பாட்டிலுக்கும் 75 என்று காட்டுகிறது! கையில் 2,400 ரூபாய், கணக்கில் 3,000. மீதி 600 எங்கே என்று கூட்டத்தில் எல்லோரும் பிரதிநிதி அக்காவைத்தான் பார்த்தார்கள். "நான் ஒரு பைசா தொடலம்மா" என்று அவர் அழுதே விட்டார்.

தப்பு அவர் மேல் இல்லை. அந்தப் பட்டியலைப் போட்டுக் கொடுத்த எங்கள் மேல்தான். பொருளின் இன்றைய விலையையும், ஆர்டர் வந்த அன்றைய விலையையும் தனித்தனியே எழுத நாங்கள் இடம் வைக்கவில்லை. அதனால்தான் இந்த இதழில் ஆன்லைன் கடைக் கணக்கு எப்படி அமைகிறது என்று எழுதுகிறோம்.

பயப்பட ஒன்றுமில்லை. நம் குழுவில் ரொக்கப் பதிவேடு, பேரேடு, தீர்மான நோட்டு என்று தனித்தனியாக வைக்கிறோம் அல்லவா? ஆன்லைன் கடையின் மென்பொருளுக்குள்ளும் அதே போல நாலு நோட்டு இருக்கிறது. கடை, பொருள், வாடிக்கையாளர், ஆர்டர்.

கடை நோட்டில் குழுவின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு, உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். வாடிக்கையாளர் நோட்டில் பெயர், போன், முகவரி. இந்த இரண்டும் சுலபம்.

பொருள் நோட்டில்தான் முதல் சிக்கல். "எலுமிச்சை ஊறுகாய்" என்று ஒரே வரி எழுதினால் போதாது. கால் கிலோ ஒரு வரி, அரை கிலோ இன்னொரு வரி. இரண்டுக்கும் விலை வேறு, இருப்பு வேறு. ஒன்றாக எழுதி வைத்தால், கால் கிலோ பாட்டில் தீர்ந்த பிறகும் "இருக்கு" என்றே கடை காட்டிக்கொண்டிருக்கும். பணம் கட்டினவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுத்து, அதையே பாட்டிலிலும் ஒட்டிவிடுங்கள்.

ஆர்டர் நோட்டுதான் முக்கியமானது. யார் வாங்கினார், எந்தப் பொருள், எத்தனை, அன்றைக்கு என்ன விலை, எந்த முகவரிக்கு அனுப்பியது, இவ்வளவும் அதிலேயே பதிவாக வேண்டும். பொருள் நோட்டைப் பார்த்து விலையைக் காப்பி எடுத்துக்கொள்ளும், அதோடு சரி. பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் பழைய ஆர்டர் அசையக் கூடாது. குழுவில் வட்டியைக் குறைத்துத் தீர்மானம் போட்டால், போன வருஷம் வசூலித்த வட்டியைத் திருத்தியா எழுதுகிறோம்? அதே நியாயம்தான் இது.

முகவரியும் அப்படித்தான். வாடிக்கையாளர் வீடு மாறினால் அவர் நோட்டில் மாற்றலாம், பழைய ஆர்டரில் மாற்றக் கூடாது. இதில் சட்ட விஷயமும் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு விற்பனையாளரும் ஆன்லைன் சந்தைகள் வழியாகச் சரக்கு விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் அனுமதி வந்தது. அதற்கென ஒரு பதிவு எண் வாங்க வேண்டும், சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்க வேண்டும். செங்கோட்டையைத் தாண்டினால் நமக்குக் கேரளா! ஊறுகாய் எந்த ஊருக்குப் போனது என்று கேட்டால் ஆர்டர் நோட்டுதான் சாட்சி.

ஆர்டர் ரத்தானால் அழிக்காதீர்கள். வந்தது, கட்டியது, அனுப்பியது, சேர்ந்தது, ரத்து என்று நிலையை மட்டும் மாற்றுங்கள். ரத்தானால் இருப்பில் திரும்பக் கூட்ட வேண்டும். இதை மறப்பதுதான் அதிகம்.

கூட்டமைப்பாக ஒரே ஆன்லைன் கடை நடத்தினால் இன்னொரு கேள்வி வரும். ஒரு அம்மா ஒரு குழுவின் ஊறுகாயும் இன்னொரு குழுவின் மிளகாய்ப் பொடியும் சேர்த்து வாங்கி, மொத்தமாக 200 ரூபாய் கட்டுகிறார். அது யார் பணம்? ஆர்டரின் ஒவ்வொரு வரியிலும் "எந்தக் கடை" என்று இருந்தால்தான் பிரித்துக் கொடுக்க முடியும். இல்லையென்றால் குழுவுக்கும் குழுவுக்கும் சண்டைதான்.

இது நாங்களாகக் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை. மத்திய அரசின் முயற்சியில் 2021-ல் அமைந்த ஓ.என்.டி.சி. வலைப்பின்னலில், விற்பவர் ஒரு செயலியிலும் வாங்குபவர் வேறொரு செயலியிலும் இருக்கலாம். கடை, பொருள், ஆர்டர் ஆகியவற்றை எல்லோரும் ஒரே முறையில் எழுதுவதால்தான் ஒன்றுக்கொன்று புரிகிறது. நம் நோட்டும் அப்படி இருந்தால், பிற்பாடு எந்தச் சந்தையில் சேர்ந்தாலும் முதலிலிருந்து எழுத வேண்டியிராது.

அந்த 600 ரூபாய் விஷயத்தில், பழைய ரசீதுகளை வைத்து 40 பாட்டிலையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பிரதிநிதி அக்கா மேல் தவறில்லை என்று குழுவின் தீர்மான நோட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குழுவின் பொருள், எடை, விலை, இருப்பு எழுதிக் கொண்டு வாருங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் ஒவ்வொரு அளவிலும் ஒரு பாட்டில் எடுத்து வந்தால் போதும், லேபிளைப் பார்த்து நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.