கூர்மதிக்கு ஏற்ற பணி

ஆசிரியர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் விடை கூறிவிடும் மாணாக்கர் ஒருவரோ இருவரோ எல்லா வகுப்பிலும் உண்டு. எஞ்சிய நேரத்தில் அவர்கள் என் செய்வர்? அதே வகைக் கணக்குகள் பத்தை மேலும் கொடுத்தால் சலிப்பே மிகும். சலிப்புற்ற சிறுவனைக் குறும்பன் என்கிறோம். சிறுமியோ வாய்மூடி அமர்ந்துவிடுகிறாள். இருவர் ஆற்றலும் வீணாகிறது.

இதற்கு ஏற்ற வழிகளுள் ஒன்று செயல்திட்ட முறை. அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக் 1918ஆம் ஆண்டில் இம்முறையை விளக்கி எழுதினார். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலின் வாயிலாகவே அறிவை ஊட்ட முனைந்தது.

மும்பையில் ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தாராவித் தமிழர்களுக்குக் கும்பார்வாடா நன்கு தெரிந்த இடம். குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் குடியிருப்பு. “பானை நீர் ஏன் குளிர்கிறது? மழைக்காலத்தில் அக்குளிர்ச்சி ஏன் குறைகிறது?” என்று ஆசிரியர் வினவுவதாகக் கொள்வோம். வகுப்பினர் அனைவரும் மணிக்கொரு முறை வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பர். கூர்மதியுடையோர் பானையை நிறுத்து, கசிந்து ஆவியான நீரின் அளவை அறிவர். 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அக்கணக்குப்படி நீர் இன்னும் மிகுதியாகக் குளிர வேண்டுமே, ஏன் குளிரவில்லை? வெளிக்காற்றின் வெப்பமும் பானைக்குள் புகுகிறது என்பதை அவர்களே கண்டறிவர். காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாதல் தளரும் என்பதும் விளங்கும். குயவரிடம் இந்தியில் வினவி, அறிந்ததைத் தமிழில் எழுதும்போது மொழியும் வளம் பெறும்.

வறிய இல்லங்களில் இத்தகைய அறிவு அரிது என்று எண்ணுதல் தவறு. செம்பூரை அடுத்த மான்குர்த்தில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974இல் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் வி. ஜி. குல்கர்னியும் உடன் பணியாற்றியோரும் மாநகராட்சிப் பள்ளிகளில் பயின்ற, வாய்ப்புக் குன்றிய மாணாக்கரிடையே திறமையைத் தேடி வளர்க்க முற்பட்டனர். பாடநூலின் கடுமொழியே பலருக்குத் தடையாக நிற்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் உள்ளூர்ச் சிக்கலை ஆராயும் செயல்திட்டங்களையே மாணாக்கரிடம் கேட்கிறது.

எனினும் எச்சரிக்கை வேண்டும். மாதுங்காவிலாயினும் செம்பூரிலாயினும், கடையில் வாங்கிய தெர்மாக்கோல் உருவமும் தந்தையார் எழுதிய அறிக்கையும் செயல்திட்டம் ஆகா. கெட்டிக்கார மாணவன் ஒருவனே குழுவின் சுமை முழுவதையும் தாங்குவதும் முறையன்று. அவனுக்கு வேண்டுவது ஆழமான வினாவேயன்றி அதிகமான வேலை அன்று.

பெற்றோராகிய நாம் செய்யத்தக்கது எளியது. விடையை நாம் சொல்லிவிடாது, “உனக்கு எவ்வாறு தெரிந்தது?” என்று தாய்மொழியில் கேட்போமாக. பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு மக்களின் அறிவே பெருஞ்செல்வம். அதனைச் சலிப்புக்கு இரையாக்குதல் தகாது.