மூட்டையின் எடையும் மணியின் சத்தும்



அர்ரஹ்மான் அத்தியாயத்தை ஓதும்போது அதில் அமைந்துள்ள ஒரு வரிசையைத் தாங்கள் கவனித்திருக்கக்கூடும். வானத்தை உயர்த்தியதைக் கூறும் இறைவன், அடுத்து தராசை நிலைநாட்டியதைக் கூறுகின்றான். நிறுவையில் வரம்பு மீறலாகாது, குறைத்தலாகாது என்று எச்சரிக்கின்றான். அதன் பின்னரே பூமியையும், கனிகளையும், பேரீச்சையையும், உமியுடைய தானியத்தையும் நினைவூட்டுகின்றான். வானுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு தராசு! கடைத்தெருவில் எடைக்கல்லை ஏய்ப்பவனுக்குரிய எச்சரிக்கை என்றே இதை நம்மில் பலர் கருதி வந்துள்ளோம். அதுவும் உண்மையே. ஆயினும், மனிதன் வானில் கூட்டிய ஒன்று தானியத்துள் வேறொன்றைக் குறைக்கின்றது என்பதை அண்மைக் காலத்தில் அறிவியலார் அளந்து கண்டிருப்பதால், அந்த வரிசையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

சென்னையிலிருந்து தெற்கே செல்வோர் திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரத்தை எட்டுமுன் கூட்டேரிப்பட்டைக் காண்பர். மயிலம் வழியாகப் புதுவைக்குச் செல்லும் சாலை பிரிவது அங்குதான். பெயரிலேயே ஏரியைத் தாங்கிய அவ்வூரைச் சுற்றி நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் உளுந்தும் விளைகின்றன. அவற்றின் ஊடே செல்லும் பெருஞ்சாலையிலோ இரவு பகல் ஓய்வின்றி வாகனங்கள் விரைகின்றன. முன்னாளில் சாலையின் இருமருங்கும் நிழல் தந்த புளியமரங்கள், நான்கு வழிச் சாலைக்காக வீழ்த்தப்பட்டதை நடுவயதினர் மறந்திருக்கமாட்டார்கள். பெருநகரின் பெருமூச்சு வயலைத் தொடும் இடம் எதுவென்று கேட்டால், இத்தகைய கூட்டுச் சாலையைத்தான் காட்டத் தோன்றும்.

அப்பெருமூச்சில் முதன்மையானது கரியமில வாயு. இயந்திரத் தொழில் பெருகுமுன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது ஏறத்தாழ 280 பங்கு இருந்தது. 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது சார்லஸ் கீலிங் என்னும் அறிஞர் அளக்கத் தொடங்கியபோது 315 பங்கை எட்டியிருந்தது. இன்று 420ஐயும் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல், சிமெண்டு ஆகியவையே இதற்குப் பெருங்காரணங்கள். இவற்றை மிகுதியாக விழுங்குபவை நகரங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். கரியமில வாயு செடிகொடிகளின் உணவாயிற்றே, உணவு பெருகினால் பயிர் செழிக்கத்தானே வேண்டும்? கேள்வி நியாயமானது, பாதி விடை அதிலேயே உள்ளது. நெல், நிலக்கடலை, உளுந்து போன்ற பயிர்கள் இவ்வாயு மிகுந்தால் விரைந்தே வளர்கின்றன. இலைத்துளைகளை ஓரளவு மூடிக்கொண்டு நீரையும் மிச்சப்படுத்துகின்றன. கரும்பு, கம்பு, கேழ்வரகு, சோளம் ஆகியவை வேறு இனம். உள்ள வாயுவையே திரட்டிப் பயன்படுத்தும் ஆற்றலை இறைவன் அவற்றுக்கு வழங்கியுள்ளதால், கூடுதல் வாயுவால் அவை பெரிதாக ஆதாயம் அடைவதில்லை.

மீதிப் பாதி விடைதான் நம் அடுப்பங்கரையைத் தொடுகின்றது. சீனத்திலும் ஜப்பானிலும் திறந்த வயல்களில் நெல்லைச் சுற்றிக் குழாய்கள் அமைத்து, கரியமில வாயுவை 568 முதல் 590 பங்கு வரை உயர்த்தி, 18 நெல் இரகங்களை விளைவித்துப் பார்த்தார்கள். இந்த நூற்றாண்டிலேயே காற்று எட்டக்கூடிய அளவு அது. முடிவு 2018இல் வெளியாயிற்று. அரிசியில் புரதம் சராசரியாக 10 விழுக்காடு குறைந்திருந்தது. இரும்புச்சத்து 8 விழுக்காடும், துத்தநாகம் 5 விழுக்காடும் குறைந்தன. பி1 வைட்டமின் 17 விழுக்காடும், கருவுற்ற தாய்மார்க்கு இன்றியமையாத ஃபோலிக் சத்து 30 விழுக்காடும் சரிந்தன. மணியின் தோற்றத்தில் இதைக் கண்டுபிடிக்க இயலாது. மூட்டையின் எடையிலும் தெரியாது.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? மிகுதியாகக் கிடைத்த வாயுவைக் கொண்டு செடி மாவுச்சத்தைப் பெருக்குகின்றது. மண்ணிலிருந்து வரும் சத்துகள் அதே விகிதத்தில் பெருகுவதில்லை. இலைத்துளை சுருங்கியதால் வேர் உறிஞ்சும் நீரும் குறைகின்றது; நீரோடு வந்து சேர வேண்டிய தாதுக்களும் குறைகின்றன. பாலில் நீர் கலந்தாற்போல் என்று சொல்லலாம். கலப்பவன் பால்காரன் அல்லன் என்பதே வேறுபாடு.

தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21ஆம் ஆண்டுகளில் கணக்கெடுத்தபோது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்களாயிருந்தனர். சோற்றையே பெரிதும் நம்பி வாழும் ஏழைத் தாய்க்கு அரிசியின் சத்தில் பத்தில் ஒரு பங்கு குறைவது சிறு குறையா? பாலும் இறைச்சியும் பழமும் வாங்க வசதியுள்ள இல்லத்தார்க்கு இது தெரியவே தெரியாது. வாகனமும் குளிர்சாதனமும் மிகுதியாக வைத்திருப்போரும் அவர்களே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கரியமில வாயு உலகெங்கும் கலந்துவிடுவதால், அதனை எந்த நகரம் கக்கினாலும் பலன் எல்லா வயலுக்கும் பொது. ஆனால் நகரத்தின் மேல் அது சற்றே கூடுதலாகத் தேங்குகின்றது, வெப்பமும் மிகுகின்றது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லூயிஸ் ஜிஸ்கா என்னும் ஆய்வாளர், நகர நடுவிலும் நாட்டுப்புறத்திலும் ‘ராக்வீட்’ என்னும் களையை வளர்த்தார். நகரக் காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 30 விழுக்காடும், வெப்பம் 2 பாகையும் மிகுந்திருந்தன. நகரத்துக் களை விரைந்து வளர்ந்து, முன்னதாகவே பூத்து, ஒவ்வாமை தரும் மகரந்தத்தைப் பன்மடங்கு உதிர்த்தது என்று 2003இல் எழுதினார். நம்மூர்த் தரிசுகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம் அக்களைக்கு உறவு என்பதை இங்கே நினைவிற் கொள்ளலாம். கூடுதல் உணவைப் பயிர் மட்டுமா உண்கிறது? களையும் உண்கிறது.

வாகனப் புகை வேறொரு தீங்கையும் உடன் கொணர்கின்றது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து, தரையை ஒட்டிய காற்றில் ஓசோனாகின்றன. வானுயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், தரையருகே இலைத்துளை வழியே புகுந்து பச்சையத்தை அரிக்கின்றது. நகரில் உருவாகிக் காற்றோடு நாட்டுப்புற வயல்களுக்கும் அது பயணிக்கும். 2005ஆம் ஆண்டில் மட்டும் இதனால் இந்தியா 35 இலட்சம் டன் கோதுமையையும் 21 இலட்சம் டன் நெல்லையும் இழந்ததாகப் புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் 2014இல் மதிப்பிட்டார்கள். ஏறத்தாழ 9 கோடியே 40 இலட்சம் பேருக்குரிய உணவு அது!

இனி வெப்பம். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அவ்வூர்ப் பெயரின் சுருக்கத்தைத் தாங்கி 1940இல் வெளியான டி.எம்.வி. 2 என்னும் நிலக்கடலை, பிற மாநிலங்களிலும் பல தலைமுறை உழவர்க்குச் சோறு போட்டது. நிலக்கடலையின் பூ மண்ணுக்கு மேலே, காயோ மண்ணுக்குள்ளே. பூ கருவுற்ற பின் விழுது இறங்கி மண்ணைத் துளைத்தால்தான் காய் பிடிக்கும். வெப்பம் மிஞ்சினால் மகரந்தம் வலுவிழக்கும், விழுதுகளும் குறையும்; கரியமில வாயு தந்த கொடி வளம் காயாக மாறாது நின்றுவிடும். நெல்லும் பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைக் கடந்தால் பதராகத் தொடங்குகின்றது. வாயு தந்ததை வெயில் பறித்துக்கொள்கின்றது என்க.

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கத் தனி அத்தியாயமே அருளப்பட்டுள்ளது. தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்போரை அது சாடுகின்றது. அரிசி வணிகர் எவரும் இன்று மணிக்குள் புகுந்து இரும்பைத் திருடவில்லை, உழவரும் திருடவில்லை. ஆயினும் வாங்கிச் செல்லும் தாய்க்கு அளவு குறைகின்றது. குறைத்தவர் யாரென்று கேட்டால், ஆளில்லாமல் ஓடும் குளிர்சாதனத்தையும், அடுத்த தெருவுக்குப் போக முடுக்கும் வண்டியையும், ஒரு விருந்துக்கு அணிவகுக்கும் கார்களையும் விட்டுவிட்டு விடை சொல்ல முடியுமா?

இல்லத்து அன்னையர் உடனே செய்யத்தக்கதும் உண்டு. நெல்லை உமியோடு அவித்தெடுக்கும் புழுங்கலரிசியில், பி1 வைட்டமின் மணியின் உட்பகுதிக்குச் சென்று தங்கிவிடுகின்றது. பச்சரிசியை வெண்மையாகத் தீட்டும்போதோ அது தவிட்டோடு போய்விடுகின்றது. நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசிக் குருணையே வேண்டுமென்ற கட்டாயமில்லை. கஞ்சியில் சேரும் பாசிப்பருப்பு போன்ற பருப்பினங்களில், வாயு மிகுந்தாலும் புரதம் அவ்வளவாகக் குறைவதில்லை என்று காண்கிறார்கள். எனவே பருப்பின் கையளவைச் சற்றுக் கூட்டலாம். கம்பும் கேழ்வரகும் வாரத்தில் இரு நாளேனும் அடுப்பேறட்டும். கொல்லையில் இடமிருப்போர் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றி வைக்கலாம். நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்பதெல்லாம் நட்டவருக்குத் தர்மமாகும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கின்றார்கள். முருங்கைக் கொம்பு ஓராண்டிற்குள் கீரை தரத் தொடங்கிவிடும்.