சிறுகுறிஞ்சானும் நொதிகளும்

மேடவாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை, வேளச்சேரி வழியே வடக்கு நோக்கிச் சென்றால் தரமணி வருகிறது. ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் பெயரால் சென்னைப் பல்கலைக்கழகம் அங்கே அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனமொன்றை நடத்தி வருகிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரை நாவில் இனிக்காது என்பதை நம் பெரியோர் அறிவர். அவ்விலை உடலுக்குள் செய்யும் வேலையை இப்பல்கலைக்கழகத்து உயிர்வேதியியலார் விலங்குகளைக் கொண்டு ஆராய்ந்தனர்.

இன்சுலின் ஒரு தூது. அது செல்லின் புறத்தே உள்ள ஏற்பியில் வந்து அமர்கிறது. அவ்வேற்பியே ஒரு நொதி. டைரோசின் கைனேஸ் என்பர். அது தன்மீதும் அடுத்துள்ள புரதங்கள்மீதும் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அச்செய்தி நொதிக்கு நொதி கைமாறி ஏகேடி என்னும் நொதியை அடைகிறது. உடனே, தசைச் செல்லினுள் ஒதுங்கிக் கிடந்த குளுக்கோஸ் கடத்திகள் மேற்பரப்புக்கு வருகின்றன. சர்க்கரை உள்ளே நுழைகிறது. ஏற்றிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியும் உண்டு. அந்நொதி இல்லாத சுண்டெலிகளைக் கனடா நாட்டு ஆய்வாளர் 1999இல் உருவாக்கினர். அவை கொழுப்புணவு உண்டும் இன்சுலினுக்கு நன்கு இணங்கின. விளக்கை அணைக்கும் கைக்கும் இத்துணை ஆற்றலா என நாம் வியக்கிறோம்!

இனிச் சென்னை ஆய்வுக்கு வருவோம். அலாக்சான் என்னும் வேதிப்பொருள் கணையத்தின் பீட்டா செல்களை அழிப்பது. அதனால் நீரிழிவுற்ற முயல்களுக்குச் சிறுகுறிஞ்சான் இலைத்தூள் ஊட்டிய முடிவுகள் 1983இல் வெளியாயின. இரத்தச் சர்க்கரை சீரடைந்தது. இன்சுலின் வழியே சர்க்கரையைப் பயன்படுத்தும் நொதிகள் ஊக்கம் பெற்றன. கல்லீரலில் புதிதாகச் சர்க்கரையை ஆக்கும் நொதிகள் அடங்கின. 1990இல் வந்த எலி ஆய்வோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. இலைச்சாற்றுப் பொருளை உண்ட எலிகளின் கணையத்தில் பீட்டா செல்கள் ஏறத்தாழ இருமடங்காயின.

இதைக் கேள்வியுற்று இன்சுலின் ஊசியை விட்டொழிப்போரும் உளர். அது உயிருக்கே கேடு. அதே 1990இல் 27 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் இச்சாற்றுப் பொருள் இன்சுலினோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. இன்சுலின் தேவை குறைந்தது உண்மை. ஆனால் இன்சுலினுக்கு மாற்றாக அது தரப்படவில்லை. எலியின் கணையம் தளிர்ப்பதுபோல் மனிதக் கணையமும் தளிர்க்கும் என்று கொள்வதற்கில்லை.

ரமலானில் சஹர் முதல் இஃப்தார் வரை வயிறு வெறுமையாயிருக்கும். ஊசியும் இலைத்தூளும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். எனவே தூள் உண்போர் அதனை மருத்துவரிடம் மறைக்காமல், நோன்பு தொடங்குமுன்னரே சொல்லிவிடுதல் வேண்டும்.